ஒரு மிதிக்கு எவ்வளவு காற்று?

கன்னியாகுமரி மாவட்டமும் நெல்லை மாவட்டமும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது அஞ்சுகிராமம். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ்களும் குமரிமுனைக்கு வரும் சுற்றுலா பஸ்களும் கூடங்குளம் பக்கம் போகும் கனரக வண்டிகளும் கடந்து செல்லும் ஊர் இது. இந்த வட்டாரத்து லாரி உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் ஏர் பிரேக் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு ஏர் குறைவாகத்தான் செலவாகும் என்று புது லாரி விற்பவர்கள் சொல்கிறார்கள். நம்பலாமா?
– டாரஸ் உரிமையாளர், அஞ்சுகிராமம்

பதில்: நம்பலாம். ஆனால் மிச்சம் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

பெடலை மிதித்ததும் டேங்கில் இருக்கும் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் சேம்பருக்கும் போகிறது. அங்கே அது ரப்பர் டயாஃப்ரத்தைத் தள்ள, டயாஃப்ரம் புஷ்ராடைத் தள்ளுகிறது. காலை எடுத்தால் 'புஸ்' என்ற சத்தத்தோடு காற்று வெளியே போய்விடும், டேங்குக்குத் திரும்பாது. ஆகவே ஒரு மிதிக்கான செலவு முக்கியமாக மூன்று விஷயங்களில் அடங்கியிருக்கிறது: டயாஃப்ரத்தின் பரப்பு, புஷ்ராட் ஓடும் தூரம், எவ்வளவு அழுத்தத்துக்கு மிதிக்கிறோம் என்பது.

30 அளவு சேம்பர் என்றால் அதன் பரப்பு 30 சதுர அங்குலம், அதாவது சுமார் 194 சதுர சென்டிமீட்டர். புஷ்ராட் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக ஓடினால் 194 மில்லிலிட்டர் இடத்தைக் காற்று கூடுதலாக நிரப்ப வேண்டும். பத்துச் சக்கர லாரியில் ஆறு சேம்பர். எல்லாம் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால் 1.16 லிட்டர். அதை 3 பார் அழுத்தத்துக்கு நிரப்ப, வெளிக்காற்றுக் கணக்கில் ஏறத்தாழ நாலரை லிட்டர் வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் இந்த நாலரை லிட்டர் வீணாகப் போகிறது.

அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வருகிறது? சூட்டிலிருந்து. 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு டிரம், 200 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மில்லிமீட்டர் அகன்றுவிடும். அகன்ற டிரம் லைனிங்கை விட்டு விலகிப் போகிறது. அதைத் துரத்திப் பிடிக்க புஷ்ராட் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அதிகம் ஓட வேண்டியிருக்கிறது. டிஸ்க்கில் நடப்பது இதற்கு நேர் எதிர். 45 மில்லிமீட்டர் தடிமனுள்ள தட்டு அதே சூட்டில் 0.1 மில்லிமீட்டர் தடிக்கிறது. அதாவது பேடை நோக்கி வருகிறது. சூட்டினால் புஷ்ராட்டின் ஓட்டம் கூடுவதில்லை.

சேம்பரின் அளவும் உதவுகிறது. டிஸ்க் பிரேக்குக்குப் பெரும்பாலும் 20 முதல் 24 வரையிலான சேம்பர்களே போதுமானவை. காலிப்பருக்குள் இருக்கும் நெம்புகோல் சேம்பரின் விசையைச் சுமார் பதினைந்து மடங்கு பெருக்குகிறது. டிரம் பிரேக்கில் கேம் ஷாஃப்ட், புஷ், ரோலர், ஆங்கர் பின் என்று பல இடங்களில் உராய்வு விசையைத் தின்கிறது. கிரீஸ் வறண்டுபோனால் இன்னும் அதிகமாகத் தின்னும். டிஸ்க்கில் இந்த இழப்பு குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடுமையாக மிதிக்கும்போது காலிப்பர் சற்று விரியும், பேட் சற்று நசுங்கும். அதற்கும் புஷ்ராட் ஓட வேண்டும். குளிர்ந்த நிலையில், சரியாக டைட் வைத்த டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் காற்றுச் செலவில் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடேறும்போதுதான் வித்தியாசம் பெரிதாகும்.

கேள்வி: கொல்லிமலை, வால்பாறை ட்ரிப் போனால் இறக்கத்தில் ஏர் முள் சரசரவென்று இறங்குகிறது. கம்ப்ரஸர் கோளாறா?
– சுற்றுலா பஸ் ஓட்டுநர், கன்னியாகுமரி

பதில்: பெரும்பாலும் கம்ப்ரஸர் மேல் தப்பில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைப் பாதையில் 40. வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து விடும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேருகின்றன. டிரம் சூடேறி ஒவ்வொரு மிதிக்கும் அதிகக் காற்று போகிறது. பெடலைப் 'பம்ப்' அடிப்பதால் மிதிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. மேல் கியரில் மெதுவாக இறங்கினால் இன்ஜின் சுற்று குறைந்து, கம்ப்ரஸர் தரும் காற்றும் குறைகிறது.

கீழ் கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு இறங்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகும். இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், கம்ப்ரஸர் வேகமாகச் சுற்றும், டிரம் குளிர்ந்திருக்கும். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்காமல், வேகம் வரம்பைத் தாண்டும்போது அழுத்தமாக ஒருமுறை மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுப்பது நல்லது. நியூட்ரலில் இறங்குவது மட்டும் ஒருபோதும் கூடாது.

கேள்வி: ஏர் முழுக்க இறங்கிவிட்டால் பிரேக்கே இல்லாமல் போய்விடுமா?
– லாரி கிளீனர், கூடங்குளம்

பதில்: ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குச் செய்த முதல் ஏர் பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும். 1872-ல் அவரே அதைத் திருப்பிப் போட்டார்: காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். இன்றைய லாரியின் ஸ்பிரிங் பிரேக்கிலும் இதே எண்ணம்தான். காற்று இருக்கும்வரை அது பெரிய ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும்; அழுத்தம் குறைந்தால் ஸ்பிரிங் விரிந்து சக்கரங்களைப் பிடித்துவிடும்.

ஆனால் அதை நம்பி ஓட்டக் கூடாது. ஸ்பிரிங் பிரேக் எல்லாச் சக்கரங்களிலும் கிடையாது. டிரம் அகன்றிருக்கும் நேரத்தில் அதன் பிடியும் தளர்ந்துதான் இருக்கும். எச்சரிக்கை பஸ்ஸர் கத்தியதும் ஓரம் கட்டுவதுதான் சரி. ஸ்பிரிங் சேம்பரை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்க்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பல நூறு கிலோ விசையில் அமுங்கியிருக்கிறது. தெறித்தால் உயிர் போகும்.

கேள்வி: டிஸ்க் வண்டி வாங்கினால் டீசல் மிச்சமாகுமா? சின்ன ஏர் டேங்க் போதுமா?
– சிறு ஃப்ளீட் உரிமையாளர், நாகர்கோவில்

பதில்: நாற்கரச் சாலையில் நீண்ட தூரம் ஓடும் லாரி பிரேக் பிடிப்பதே குறைவு. அதன் கம்ப்ரஸரை அதிகம் வேலை வாங்குவது பெரும்பாலும் லீக்தான். எனவே டீசலுக்காக மட்டும் டிஸ்க் வாங்குவது கணக்குக்கு ஒத்து வராது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்கும் டவுன் பஸ்ஸில் கம்ப்ரஸரின் சுமை குறைவது தெரியும். சுமை குறைந்தால் கம்ப்ரஸர் சூடு குறைந்து, காற்றோடு எண்ணெய் கலந்து வருவதும் குறையும். ஏர் டிரையர் அதிக நாள் உழைக்கும்.

டிஸ்க்கின் உண்மையான லாபம் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. 1996-ல் வந்த மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் எல்லாச் சக்கரங்களுக்கும் டிஸ்க் வைத்தது; பிறகு ஐரோப்பாவில் அதுவே வழக்கமானது. அமெரிக்கா 2009-ல் விதியை இறுக்கியது: மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பெரும்பாலான மூன்று அச்சு டிராக்டர்கள் 355 அடியில் நின்றால் போதும் என்றிருந்ததை 250 அடியாகக் குறைத்தது. அதன் பிறகு அங்கும் டிஸ்க் பரவியது.

டேங்கின் அளவில் கை வைக்க வேண்டாம். ஐ.நா. விதி 13-ன்படி, கம்ப்ரஸர் காற்றே தராத நிலையில் எட்டு முறை முழுதாக மிதித்த பிறகும் அவசர பிரேக்குக்குத் தேவையான அழுத்தம் மீதம் இருக்க வேண்டும். ஏ.பி.எஸ். வேலை செய்யும்போது நொடிக்குப் பல முறை காற்றை விட்டுவிட்டுத் திரும்ப நிரப்பும். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் நிறுவனம் டேங்கைப் பொருத்தியிருக்கிறது.

கேள்வி: பழைய லாரியின் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். செய்யலாமா?
– டிப்பர் ஓட்டுநர், ஆரல்வாய்மொழி

பதில்: வேண்டாம். டிஸ்க்குக்கு அச்சு வேறு, ஹப் வேறு, காலிப்பருக்கு ரிம்முக்குள் இடமும் வேண்டும். முன்னும் பின்னும் பிரேக் பிடிக்கும் விகிதமும் ஏ.பி.எஸ். அமைப்பும் மாறிவிடும். நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் தடுக்கிறது.

கேள்வி: ராத்திரி நிறுத்தினால் காலையில் ஏர் இருப்பதில்லை. வீட்டில் வைத்தே எப்படிச் சோதிப்பது?
– மீன் லாரி ஓட்டுநர், சின்னமுட்டம்

பதில்: சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்கை நிரப்பி, இன்ஜினை அணைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கவும். முள் நிலைத்த பிறகு ஒரு நிமிடம் பார்க்கவும். அமெரிக்க ஓட்டுநர் உரிமச் சோதனையின்படி டிரெய்லர் இல்லாத வண்டியில் நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ., அதாவது 0.14 பாருக்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம்: 3 பி.எஸ்.ஐ., சுமார் 0.2 பார் வரை இறங்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் அதிகமாக இறங்கினால் சேம்பர் டயாஃப்ரம், பிரேக் ஹோஸ், வால்வு ஆகியவற்றில் சோப்பு நீர் பூசிப் பார்க்கவும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றே முதல் எதிரி. குழாய் இணைப்புகளையும் டேங்கின் அடிப்பக்கத்தையும் துருவுக்காகப் பார்த்து, டேங்கில் தேங்கும் நீரையும் நாள்தோறும் திறந்துவிட வேண்டும்.

அதோடு புஷ்ராடையும் அளந்துவிடுங்கள். டேங்கில் 6 முதல் 7 பார் இருக்கும்போது, பிரேக் விட்ட நிலையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இன்னொருவரை மிதிக்கச் சொல்லிக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். சாதாரண 30 அளவு சேம்பருக்கு 2 அங்குலம் உச்ச வரம்பு. தாண்டினால் உடனே அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆனால் ஆட்டோமேட்டிக் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் வரம்பைத் தாண்டினால் கையால் டைட் வைத்துச் சமாளிக்க வேண்டாம். அட்ஜஸ்டரோ கேம் புஷ்ஷோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். 1962-ல் நிறுவப்பட்ட சுந்தரம்-கிளேட்டன் சென்னை பாடியில் ஏர் பிரேக் பாகங்களைத் தயாரிக்கத் தொடங்கியது முதல், தமிழ்நாட்டில் இதற்கான உதிரிபாகங்களுக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குகளுக்கும் பஞ்சமில்லை. டிஸ்க் வண்டி வாங்கும் நாள் வரும்வரை, கையில் இருக்கும் டிரம் லாரியில் ஒவ்வொரு முறை சுமை ஏற்றும் முன்பும் இந்த இரண்டு சோதனைகளையும் தவறாமல் செய்யுங்கள்.