அங்கவடி வாங்கப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

சவாரிப் பள்ளியின் பொதுச் சேணத்தில் பழகிவிட்டு, சொந்தமாக ஒரு ஜோடி அங்கவடி (ஸ்டிரப்) வாங்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறாய். கால்விரல் மரத்துப்போகிறது, முழங்கால் வலிக்கிறது, எதை வாங்கினால் சுகமாக இருக்கும் என்பது உன் கேள்வி. இதே கேள்வியோடு கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மெத்தென்ற மிதியும் பளபளக்கும் நிறமுமாக ஒன்றை வாங்கி வருகிறார்கள். பழுத்த பயிற்சியாளர் ஒருவர் அங்கவடியைக் கையில் எடுத்ததும் முதலில் யோசிப்பது வேறு: விழும்போது இதிலிருந்து கால் கழன்று வருமா? காலைத் தாங்குவது அதன் ஒரு வேலை; வேண்டிய நேரத்தில் விடுவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாத அங்கவடி எவ்வளவு சுகமாக இருந்தாலும் வாங்கத் தகாதது.

குதிரையோட்டிகள் விழுவதற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. ஒரு கால் மாட்டிக்கொண்டு, ஓடும் குதிரையோடு இழுபடுவதற்குத்தான் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு வயது அதிகம். சாஞ்சிச் சிற்பங்கள் காலத்து இந்தியாவில் கால் பெருவிரலை மட்டும் நுழைக்கும் சிறு வளையமே வழக்கில் இருந்தது. வெறுங்காலோடு ஏறியவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. முழுப் பாதத்தையும் ஏந்தும் அங்கவடியின் வளர்ச்சி சீனக் கல்லறைகளில் படிப்படியாகத் தெரிகிறது. சாங்ஷாவில் கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த பொம்மைக் குதிரைக்கு இடப்பக்கம் மட்டும் ஒன்று தொங்குகிறது; ஏறுவதற்கு மட்டும் பயன்பட்டிருக்க வேண்டும். நான்ஜிங்கில் கிடைத்த 322ஆம் ஆண்டுப் பொம்மையில் இருபுறமும் உண்டு. 415இல் இறந்த ஃபெங் சூஃபூ என்பவரின் கல்லறையிலோ அசல் ஜோடியே கிடைத்தது: மல்பெரி மரத்தை வளைத்து, பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியது.

முழுப் பாதம் நுழையும் வளையத்தில் கால் சிக்கவும் செய்யும். ஜப்பானியச் சாமுராய்கள் அந்த வளையத்தையே கைவிட்டார்கள். அவர்களுடைய அபுமி, குதிகால்வரை நீளும் ஒரு தட்டு. அதன் முன்பகுதி மேலே வளைந்தெழுந்து வாரில் தொங்கும். பக்கங்கள் திறந்தே இருக்கும். முழுப் பாதத்தையும் ஊன்றி எழுந்து வில்லை வளைக்கலாம். தூக்கி எறியப்பட்டால் கால் சிக்காமல் வெளியே வந்துவிடும். இன்று கடையில் 'சேஃப்டி' என்று விற்கும் ஒவ்வொன்றும் அதே இரண்டு வேலைகளைத்தான் வேறு வழியில் செய்யப் பார்க்கிறது.

கடைக்குப் போகும்போது சவாரி பூட்ஸைப் போட்டுக்கொண்டு போ. பூட்ஸின் மிக அகன்ற இடத்தை அளந்து, அதோடு சுமார் 2.5 செ.மீ. கூட்டு. அதுதான் உன் மிதியின் அகலம். பூட்ஸ் 9.5 செ.மீ. என்றால் 12 செ.மீ. அங்கவடி, கடைக்காரர் அதை நாலே முக்கால் அங்குலம் என்பார். இதைவிடக் குறுகினால் பாதம் இறுகி மாட்டிக்கொள்ளும். மிகவும் அகன்றால் பாதம் முழுக்க உள்ளே போய்க் கணுக்காலில் சிக்கும். பெரியவர்களின் அங்கவடியில் சின்னப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது இதனால்தான். குதிகால் வைத்த பூட்ஸ் கட்டாயம் என்று பள்ளிகள் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்; தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூ வழுக்கி உள்ளே நுழைந்துவிடும்.

பாதுகாப்பு வகைகளில் பழையது, எளியது பீக்காக். அதன் ஒரு பக்கத்தில் இரும்புக் கைக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையம் ஒன்று கொக்கியில் மாட்டியிருக்கும். விழும்போது கால் அதை அழுத்தியதும் ரப்பர் கழன்று வழி விடும். ரப்பர் இருக்கும் பக்கம் எப்போதும் வெளியே, குதிரையின் விலாவுக்கு எதிர்ப்புறமாக இருக்க வேண்டும். சேணத்தைத் துடைத்து மாட்டும் அவசரத்தில் இடமும் வலமும் மாறிப்போனால், திறக்க வேண்டிய பக்கம் குதிரையை ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கும் உதவாமல் போகும். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். வாரம் ஒரு முறை விரலால் இழுத்து வளைத்துப் பார். ஒரு பக்கம் இரும்பு இல்லாததால், உடல் கனத்தவர்கள் தொடர்ந்து ஏறினால் மிதி தொய்ந்து வளையவும் கூடும். அதனாலேயே இதைப் பிள்ளைகளுக்கும் உடல் இலேசானவர்களுக்கும் சிபாரிசு செய்கிறார்கள். பிரான்ஸின் ஃப்ரீஜம்ப் நிறுவனம் வெளிப்பக்கக் கையையே நெகிழும் பொருளால் செய்கிறது; வேறு சில வகைகளில் அந்தக் கை விசை பட்டதும் திறந்துகொள்ளும். மிதியில் காந்தம் வைத்தவையும் சந்தைக்கு வந்திருக்கின்றன. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதிப்புத்தகத்தை முதலில் பார். டிரஸ்ஸாஜ் விதிகள் பூட்ஸை அங்கவடியோடு பிணைப்பதையும், காந்தத்தையும் அனுமதிப்பதில்லை.

எடையைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அலுமினியமும் நைலான் கலவையும் காலுக்கு இலேசு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கனம். ஆனால் கால் நழுவினால் அது ஆடாமல் அதே இடத்தில் தொங்கும், குனிந்து பார்க்காமலே பாதம் அதைத் தேடிப் பிடிக்கும். பழகும் நாட்களில் கனமானதே நல்லது. மலிவான நிக்கல் கலவையைத் தவிர்த்துவிடு; அது மென்மையானது, வளையும்.

இனி வலிக்கு வருவோம். உன் வலியில் பாதி அங்கவடியால் வந்ததாக இருக்காது, வாரின் நீளத்தால் வந்ததாக இருக்கும். தரையில் நின்றபடி சேணத்தில் வார் தொங்கும் கம்பியில் விரல்நுனியை வைத்து, வாரைக் கையோடு ஒட்டி நீட்டு. அங்கவடியின் அடி அக்குளைத் தொட வேண்டும். ஏறி உட்கார்ந்தபின் காலைத் தளர்த்தித் தொங்கவிட்டால் மிதி கணுக்கால் எலும்பின் அருகே வர வேண்டும். தொடங்குவதற்கு இது போதும். இதற்கு மேல் ஏற்றினால் முழங்கால் மடங்கி வலிக்கும். இறக்கினால் மிதியைத் தேடிக் கால்நுனி கீழே போகும், குதிகால் மேலே எழும், ட்ராட்டில் உடம்பு குலுங்கும்.

எந்த நீளம் சரி என்பதைச் செய்யும் வேலைதான் முடிவு செய்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணி தங்கம் வென்ற டிரஸ்ஸாஜில் கால் நீண்டு இறங்கியிருக்கும். குதிரையோடு பேசுவது கெண்டைக்கால்தான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் ஃபவாத் மிர்சா வெள்ளி வென்ற ஈவென்டிங்கில் டிரஸ்ஸாஜ், கிராஸ்கன்ட்ரி, தடை தாண்டல் என்று மூன்று சோதனைகள். தாண்டும் கட்டங்களுக்கு வாரைக் குறுக்கியாக வேண்டும். பந்தய ஜாக்கிகள் அதன் எல்லைக்கே போனவர்கள். 1897இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து வந்த டாட் ஸ்லோன் வாரைக் குறுக்கிக் குதிரையின் கழுத்தருகே குனிந்து ஓட்டியபோது ஊரே சிரித்தது. குனிந்த இருக்கை பரவிய அந்தச் சில ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் மேம்பட்டதை, லண்டன் ராயல் வெட்டினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2009இல் சயன்ஸ் இதழில் எடுத்துக் காட்டினார்கள். மடங்கிய கால்கள் குலுக்கலை வாங்கிக்கொள்வதால், ஓட்டியின் உடலை ஒவ்வொரு பாய்ச்சலிலும் தூக்கிப் போடும் வேலை குதிரைக்கு மிச்சமாகிறது. நீ அவர்களைப் பார்த்து வாரைக் குறுக்கிவிடாதே. ஜாக்கி முழுச் சவாரியும் உட்காருவதில்லை. நீ உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறாய்.

நீளம் சரியாகியும் விரல்கள் மரத்தால் மிதியைப் பார். முன்பின்னாகக் குறுகிய மிதி உன் எடை முழுவதையும் முன்பாதத்தில் ஒரு கோடாக அழுத்தும். முன்னும் பின்னும் அகன்ற மிதி அதைப் பரப்பிவிடும். நெடுந்தூரச் சவாரிக்காரர்கள் அதைத் தேடி வாங்குவதும், நின்றபடியே மணிக்கணக்கில் ஓட்டும் மங்கோலியர்களின் அங்கவடி வட்டத் தட்டாக அகன்றிருப்பதும் இதனால்தான். மிதியின் மேல் ரப்பரில் வரிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று கட்டைவிரலால் தேய்த்துப் பார்; மழுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், அங்கவடியையே மாற்ற வேண்டியதில்லை.

முழங்கால், கணுக்கால் வலிக்கு இன்னொரு காரணம் பலர் கண்ணில் படுவதில்லை. சாதாரண அங்கவடி குதிரையின் விலாவுக்கு இணையாகத் தொங்குகிறது. காலை நுழைக்க அதைத் திருப்பும்போது வார் முறுக்கிக்கொள்கிறது. புதுத் தோல் விறைப்பானது. சவாரி முழுக்க அது பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும், உன் மூட்டு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கும். வார் நுழையும் கண்ணையே 90 பாகை திருப்பி வைத்த அங்கவடிகளில் இந்த இழுபறி இல்லை. பக்கங்களில் மூட்டு வைத்து அசையும் வகை கணுக்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதமாக இருக்கும். கால் இன்னும் நிலைபெறாதவர்களுக்கு அந்த அசைவே தொந்தரவு. அதை இப்போதைக்கு விட்டுவிடு.

வாரிலும் காசைச் சுருக்காதே. கான்பூர்ச் சேணத் தொழில் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல தோல் வார் நம் நாட்டிலேயே கிடைக்கிறது. எப்போதும் இடப்பக்கமே ஏறுவதால் இடது வார் நீண்டுகொண்டே போகும். ஓட்டையை எண்ணி இரண்டும் சமம் என்று நம்பாமல், கழற்றி அருகருகே வைத்து அளந்து, அவ்வப்போது இடம் மாற்றி மாட்டு. ஏற ஒரு மேடை கிடைத்தால் அதிலிருந்தே ஏறு. வாருக்கும் நல்லது, குதிரையின் முதுகுக்கும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை ஏறுவதற்கு முன் சேணத்தின் மடலைத் தூக்கிப் பார். வார் தொங்கும் கம்பியின் நுனியில் சின்ன மடக்கு ஒன்று இருக்கும். அது மேலே மடங்கியிருந்தால் கீழே தள்ளித் திறந்து வை. அப்போதுதான் இழுபடும் நேரத்தில் வாரே சேணத்திலிருந்து கழன்று விழும். பிறகு பக்கிள் பக்கத் தையலையும், இரும்பு தொங்கும் மடிப்பில் தோல் மெலிந்திருக்கிறதா என்பதையும் பார். அளவு எடுத்துவிட்டு எழுது. கடைக்காரரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

அன்புடன்.