மாத்திரைப் பெட்டி யார் கையில்?

இருபது வயதுப் பிள்ளைக்கு வலிப்பு என்றால், கொடைக்கானல் பெற்றோரின் கண்ணில் முதலில் படுவது பள்ளத்தாக்கும் ஏரியும். வெளியே விடாமல் வைத்திருந்தால் போதும் என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வலிப்பைத் தூண்டுபவற்றில் முக்கியமானவை மாத்திரை விட்டுப்போவது, தூக்கம் கெடுவது, மது. மூன்றும் வீட்டுக்குள்ளேயே நடக்கக்கூடியவை. முறையாகக் கண்டறிந்து மருந்தெடுத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் காவலைவிட மாத்திரைதான் பெரிது. அந்தப் பெட்டி பிள்ளையின் பொறுப்பில் இருக்க வேண்டும். அம்மா எடுத்துக் கொடுத்தே பழகியவர் மதுரைக்கு வேலைக்குப் போனால் அங்கே எடுத்துக்கொடுக்க ஆளில்லை. மழையில் மண் சரிந்து வத்தலக்குண்டு சாலை அடைபடலாம். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் கேட்ட மாத்திரை உடனே கிடைக்காது. ஆகவே இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

தனியே விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் பள்ளத்தாக்குக்கு முன்னால் குளியலறையைப் பாருங்கள். குளிருக்கு வெந்நீரைத் தலையில் மொண்டு ஊற்றுகிறோம். அதனாலேயே வரும் வெந்நீர் வலிப்பு தென்னிந்தியாவில் அதிகம் பதிவாகியிருக்கிறது. நீர் இளஞ்சூடாக இருக்கட்டும், கதவைத் தாழிட வேண்டாம். சீசனில் லாட்ஜ் வேலைக்குப் போகலாம், இரவு ஷிஃப்ட் மட்டும் கூடாது. ஜீப் ஓட்டுவதில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன்: ஓட்டுநர் உரிமப் படிவமே வலிப்பு உண்டா என்று கேட்கிறது, அங்கே பொய் எழுதினால் ஆபத்து பயணிகளுக்கும்தான்.

வெளியே தெரிந்தால் கல்யாணம் நடக்குமா என்பார்கள். திருமணத்துக்குத் தடையாக இருந்த வலிப்பை 1999இலேயே இந்துத் திருமணச் சட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். ஊர் வாய்தான் மாறவில்லை. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். கூட வேலை செய்யும் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும், அது யார் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். வலிப்பு வந்தால் அவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மலைக்கிராமத்துக்கு வண்டி வரத் தாமதமாகும் என்பதால், மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்து வேண்டுமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவையுங்கள். பெண்பிள்ளை என்றால் இன்னொன்று: வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும் என்பதால், மாத்திரையை மாற்றும் பேச்சு வரன் பார்ப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். புகுந்த வீட்டுக்குத் தெரியாமலிருக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தும் பெண்ணுக்கு, விடாத தொடர் வலிப்பே வரலாம்.