பழைய கணிப்பொறி: சீர்திருத்துவதா, மாற்றுவதா?

காவேரிப் பாசனப் பகுதியில் உழவுத் தொழிலோடு கணிப்பொறியும் இணைந்துவிட்டது. சிட்டா பெறுவதற்கும், கூட்டுறவுக் கடனுக்கும், கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கப் பதிவதற்கும் அதன் துணை தேவைப்படுகிறது. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பா, தாளடிப் பயிர்களுக்கு நவம்பர் 15 பல ஆண்டுகளில் கடைசி நாளாக அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது நீட்டிக்கப்பட்டதும் உண்டு. அந்நாட்களில் ஐப்பசி மழையில் நனைந்தபடி உழவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பதிவுக்கு 20 நிமிடம் ஆனால், 8 மணி நேரத்தில் 24 பேருக்கே வேலை முடியும். அதுவே 8 நிமிடமானால் 60 பேர் பயன் பெறுவர். பதிவு தவறியவரின் பயிர் பின்னர் நீரில் மூழ்கினால், அவர் காப்பீட்டுத் தொகை கோர வழியில்லை. ஆதலின், மந்தமான கணிப்பொறியை என் செய்வது என்பது அலுவலகத்தின் வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று.

குறை எங்கே உள்ளது?

முதலில் நோயறிந்து பின்னரே மருந்து தேடல் வேண்டும். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பொறியிலேயே சேமித்துள்ள ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். அது விரைவில் திறந்தால், பொறியின்மீது குற்றமில்லை. இணைப்பிலோ, தொலைவிலுள்ள தலைமைக் கணிப்பொறியிலோதான் தாமதம். புதுப்பொறி வாங்கினாலும் அத்தாமதம் நீங்காது.

கோப்புத் திறக்கவும் நேரமானால், விண்டோஸ் பொறிகளில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளை ஒருங்கே அழுத்துக. செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் வேலைச்சுமை நூற்றுவீதத்தில் தோன்றும். எது இடைவிடாமல் 100-ஐ ஒட்டி நிற்கிறதோ, அதுவே முதலில் ஐயுறத்தக்கது.

நெல் தூசி நிறைந்த நம் ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. தூசி படிந்து விசிறி அடைபட்டால் செயலி சூடேறும். சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்னிணைப்பை அகற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் துடைப்பதற்குச் செலவே இல்லை.

சீர்திருத்தம் எப்போது தகும்?

பழைய பொறிகளில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். தகவல் இருக்கும் இடத்தைத் தேடி அதன் முள் நகர வேண்டியிருப்பதால் காலம் வீணாகிறது. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டைப் பொருத்தினால், வட்டினால் தாமதப்பட்ட பொறி புத்துயிர் பெறும். நினைவகம் போதாதபோது 4 ஜி.பி. ரேமை 8 ஜி.பி. ஆக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ற ரேம் வகை வேறு. சில மடிக்கணினிகளில் கூட்டவே இயலாது. வாங்குமுன் பழுது நீக்குவோரிடம் காட்டி அறிந்துகொள்க.

மாற்றம் எப்போது இன்றியமையாதது?

வேகம் மட்டும் அளவுகோல் அன்று, பாதுகாப்பும் வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிவடைந்தன. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ரேமும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் அங்கீகரிக்கப்பட்ட செயலியும் தேவை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க காலப் பொறிகள் இத்தகுதி பெறமாட்டா. எனினும் அவை உடனே குப்பையாகிவிடவில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் அமைப்புகளில் சில, குறைந்த வசதியுள்ள பொறியிலும் இயங்கும். பிள்ளைகள் படிக்கவும் கடிதம் எழுதவும் அவை போதும். ஆனால் கைரேகைக் கருவியும் அச்சுப்பொறியும் அலுவலக மென்பொருளும் லினக்ஸில் இயங்குமா என்று சோதித்த பின்னரே சங்க வேலைக்கு அதனை ஏற்றல் நலம்.

கணக்கு எளிது. சீர்திருத்தச் செலவு புதுப்பொறி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கி, பொறி இன்னும் மூன்றாண்டு பாதுகாப்பாக உழைக்குமெனில் சீர்திருத்துக. தாய்ப்பலகை பழுதானாலோ, பாதுகாப்பான அமைப்பு எதனையும் ஏற்காவிட்டாலோ மாற்றுக. 2018 நவம்பர் 16-ல் வீசிய கஜா புயலின்போது கடலோரச் சிற்றூர்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. ஆகையால் மாற்றும்போது, மின்கலமுள்ள மடிக்கணினியை நம் பகுதியினர் கருதிப் பார்க்கலாம்.

செய்ய வேண்டிய காலமும் முறையும்

காப்பீட்டுப் பதிவு நடக்கும் நாட்களில் பொறியைப் பிரிக்கலாகாது. தாளடி அறுவடைக்கும், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கும் இடைப்பட்ட கோடையே ஏற்ற காலம். எதையும் தொடுமுன் உறுப்பினர் கணக்குகளை இரண்டு தனி வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேறு கட்டடத்தில் வைத்திடுக. படியெடுத்த கோப்புகள் திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்க. சங்கத்தின் பொறியாயின், தீர்மானம் நிறைவேற்றி இருப்புப் பதிவேட்டில் குறித்த பின்னரே கழிக்கலாம்.

கழித்த பொறியை எரிப்பதும் வாய்க்காலில் எறிவதும் பெருந்தீங்கு. அதிலுள்ள ஈயம் போன்ற நஞ்சுகள் மண்ணிலும் நீரிலும் கலக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும். அதற்குமுன் வட்டிலுள்ள ஆதார், வங்கி விவரங்களை முற்றிலும் அழித்தல் கடமையாகும்.

புதியதெல்லாம் சிறந்ததன்று, பழையதெல்லாம் சிக்கனமுமன்று. சங்க நிர்வாகிகளும் ஊராட்சி அலுவலர்களும் இக்கோடையிலேயே தங்கள் பொறிகளைச் சோதித்து முடிவெடுப்பார்களாயின், அடுத்த சம்பாவில் உழவர் மழையில் காத்துநிற்கும் நேரம் குறையும்.