வேரை வெட்டாமல் புல் பதிப்போம்

நமது பிள்ளை மடுவத்து முற்றத்தைக் கொஞ்சம் பார்ப்போம். நிழலுக்கென்று ஒரு பெரிய மரம் நிற்கும். அதன் வேர்கள் மண்ணுக்கு மேலே பாம்பு மாதிரி ஓடிக் கிடக்கும். பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். மழை வந்தால் சேறு, வெயில் வந்தால் தூசி. "இந்த வேரையெல்லாம் வெட்டிப்போட்டு புல்லப் பதிச்சா என்னங்க?" என்று தாய்மார் கேட்கிறார்கள். புல் பதிப்பது நல்ல யோசனை. ஆனால் வேரை வெட்டக் கூடாது.

வேர் ஏன் மேலே வந்தது?

மரத்தின் வேரெல்லாம் ஆழத்துக்குப் போகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. வேருக்கும் காற்று வேண்டும். மிதிபட்டு இறுகிய மண்ணின் ஆழத்தில் காற்றுக் குறைவு. ஆகவே வேர் மேலாகப் படர்ந்து, வருஷா வருஷம் பருக்கிறது. மழைத் தண்ணீரும், நாம் தினமும் போடும் விளக்குமாறும் மேல் மண்ணைக் கொண்டு போய்விடுகின்றன.

வெட்டினால் என்ன நடக்கும்?

மரத்தைப் பிடித்து நிறுத்துவது இந்த வேர்தான். பருமனான இரண்டு வேரை வெட்டினாலும் மரம் உடனே விழாது. இலை பச்சையாகவே இருக்கும். வெட்டிய இடம் உள்ளே உக்கும். பிறகொரு நாள் பருவக் காற்றில் மரம் கூரைமேல் சாயலாம். அந்தக் கூரைக்குக் கீழேதான் நம்ம பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

"அப்ப மண்ணக் கொட்டி மூடிடலாமே?" அதுவும் கூடாது. ஒரு அடி மண் கொட்டினால் வேருக்கு மூச்சு முட்டும். அடிமரத்தில் மண் குவிந்தால் பட்டை அழுகும்.

செய்யும் முறை

1. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஏப்ரல் அல்லது ஒக்டோபர் மழையிலும், ஊவாவில் ஒக்டோபர், நவம்பரிலும் பதிக்கலாம். கொட்டும் மழையில் வேண்டாம்.

2. அடிமரத்தைச் சுற்றி மூன்று அடிக்குப் புல் வேண்டாம். காய்ந்த இலையைப் பரப்புங்கள்; பட்டையில் முட்டாமல் இருக்கட்டும்.

3. வேர்களுக்கு நடுவே முள்ளால் மெதுவாகக் கிளறுங்கள். மண்வெட்டியால் கொத்தாதீர்கள்.

4. மேல் மண்ணும் உக்கிய குப்பையும் கலந்து பள்ளங்களை நிரப்புங்கள். வேர்மேல் இரண்டு அங்குலத்துக்குக் கூடக் கூடாது. பெரிய வேர் வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

5. அருகம்புல்லுக்கு வெயில் வேண்டும். நிழலுக்கு, பாதையோர நிழலில் தானாகப் படரும் அகன்ற இலைப் புல்லே நல்லது. ஒரு அடிச் சதுரமாக, இரண்டு அங்குலக் கனத்தில், மண்ணோடு வெட்டுங்கள். சரிவிலும் கான் ஓரத்திலும் வெட்டாதீர்கள். அங்கே மண் கரையும்.

6. செங்கல் அடுக்குவது போல மூட்டு மாற்றிப் பதியுங்கள். வேர் வரும் இடத்தில் புல்லை வளைத்து வெட்டி ஒட்ட வையுங்கள். பலகையால் அழுத்துங்கள். சரிவென்றால் மூங்கில் குச்சி அடியுங்கள்.

7. மூன்று வாரம் ஈரம் காயாமல் பாருங்கள். ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அதன் பின்னும் விளக்குமாறு வேண்டாம். இலையைக் கையால் பொறுக்குவோம்.

பெரிய வேர் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ இன்றைக்கே தோட்ட நிர்வாகத்துக்கு அறிவியுங்கள்.

கலந்து பேசுவோம்

நமது லயத்து முற்றத்தில் எத்தனை மரங்களின் வேர் வெளியே தெரிகிறது? மேல் மண் எந்த வழியாகப் போகிறது? அதைத் தடுக்க இந்த மாதம் நாம் சேர்ந்து என்ன செய்யலாம்?