கைக்கடிகாரம்: இன்றே வாங்குவதா, அடுத்ததற்குக் காத்திருப்பதா?

ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் கைக்கடிகாரத்தைப் பற்றி நம் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றேதான். "கடையில் இருப்பதை இப்போதே வாங்கிவிடலாமா, அல்லது செப்டம்பரில் புதிது வருகிறதாமே, அதுவரை பொறுக்கலாமா?" பிள்ளைகள் பொறுக்கச் சொல்கிறார்கள். டாக்டரோ, இதயத் துடிப்பைக் கவனித்து வாருங்கள் என்கிறார். கேட்பவர்களில் சிலர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு ஆறு மாதம் என்பது சின்னக் காலம் அல்ல. ஆகவே இதை ஊர்ப்பேச்சாக விட்டுவிடாமல் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்தக் கேள்வி பெங்களூருக்குப் புதிதும் அல்ல. 1953-இல் ஜாலஹள்ளியில் பிறந்த எச்.எம்.டி. நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-இல் இங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலையை நிறுவியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று அந்தக் கடிகாரங்கள் வீடுதோறும் நுழைந்தன. மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாட்ச் என்பது சீர்வரிசையில் ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது. ஆனால் 1969 டிசம்பர் 25 அன்றே ஜப்பானில் செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில், சுருள்வில்லின் விசையில் ஆடும் ஒரு சிறு சக்கரம் நேரத்தை அளக்கிறது. இன்று வழக்கத்தில் உள்ள குவார்ட்ஸில், பாட்டரியின் மின்சாரத்தால் ஒரு சிறு படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். அதுவே ஒரு விநாடி. சாவிக் கடிகாரம் நாளொன்றுக்கு அரை நிமிடம் முன்பின்னாவது சாதாரணம். குவார்ட்ஸோ மாதத்திற்கே பதினைந்து விநாடி அளவில்தான் தவறும்.

டாடா நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் டைட்டானைத் தொடங்கின. தொழிற்சாலை நமக்கு அடுத்த ஊரான ஒசூரில். 1987-இல் டைட்டானின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் கடைக்கு வந்தன. நான் ரயில்வேயில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அப்போது, ஜனதா வாங்குவதா, குவார்ட்ஸுக்குக் காத்திருப்பதா என்பது டீக்கடை விவாதம். ரயில்வேக்காரனுக்கு நேரம் உயிர்நாடி ஆயிற்றே, அவன் காத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை. ரயில்வேயில் நாள்தோறும் 16.00 மணிக்குக் கன்ட்ரோல் அலுவலகத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும் நேரம் சொல்லப்படும். ஸ்டேஷன் மாஸ்டர் தம் கடிகாரத்தை அதோடு ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வார். அரை நிமிடப் பிழை மறுநாளைக்குச் சேராது. கருவியில் இருந்த குறையை அந்த நடைமுறை அடைத்துவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

எச்.எம்.டி. குவார்ட்ஸில் கால்வைத்தாலும் தன் முழுப் பலத்தையும் சாவிக் கடிகாரத்திலேயே வைத்திருந்தது. நஷ்டம் ஏறி, 2016 ஜனவரியில் கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிறுவனத்துக்கு அது பெரிய இழப்பு. ஆனால் 1986-இல் ஜனதா வாங்கியவருக்கு என்ன இழப்பு? நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கழுவி எண்ணெய் போட்டால் இன்றும் ஓடும். செய்தவர் கடையை மூடியது அந்தக் கடிகாரத்துக்குத் தெரியவே தெரியாது.

ஸ்மார்ட் வாட்ச் அப்படியல்ல

ஸ்மார்ட் வாட்சுக்கு அது தெரியும். அது தனித்து வாழும் பொருள் அல்ல. கைபேசி வேண்டும், கம்பெனி அனுப்பும் மென்பொருள் வேண்டும், பாட்டரி தேயாமல் இருக்க வேண்டும். ஆப்பிள் கடிகாரத்தின் பாட்டரி 1,000 முழுச் சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்கும்படி செய்யப்பட்டது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. தினம் ஒரு முழுச் சார்ஜ் என்றால் 1,000 நாள், அதாவது இரண்டே முக்கால் ஆண்டு. பாட்டரியை மாற்றிக்கொள்ளலாம், மென்பொருளை நாம் மாற்ற முடியாது.

ஆப்பிள் சீரிஸ் 3 என்ற கடிகாரம் 2017-இல் வந்தது. விலை மலிவு என்று 2022 செப்டம்பர் வரை விற்பனையில் வைத்திருந்தார்கள். அதே செப்டம்பரில் வந்த புதிய மென்பொருள் சீரிஸ் 3-இல் ஏறவில்லை. அந்த ஆகஸ்டில் புதுப் பெட்டியைப் பிரித்தவர் கையில் இருந்தது ஐந்து வயதுக் கடிகாரம். ஆகவே "பழையது மலிவு" என்ற பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விலையை, மிச்சம் இருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய்க் கடிகாரத்துக்கு இன்னும் நான்கு ஆண்டு மென்பொருள் வரும் என்றால் 48 மாதம், மாதத்துக்கு 625 ரூபாய். அதன் முந்தையதை 21,000-க்குத் தருகிறார்கள், ஆனால் இரண்டு ஆண்டுதான் மிச்சம் என்றால் மாதத்துக்கு 875 ரூபாய். மலிவு எது என்று நீங்களே பாருங்கள்.

எதற்குக் காத்திருக்கலாம்?

ஆண்டுதோறும் மாறும் எண்ணுக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆப்பிள் 2016 முதல் செப்டம்பர் தவறாமல் புதுக் கடிகாரம் காட்டுகிறது. திரை கொஞ்சம் பெரிதாகும், தடிமன் கொஞ்சம் குறையும். சாவியிலிருந்து குவார்ட்ஸுக்குப் போனது போன்ற மாற்றம் வேறு. சாம்சங் 2020 வரை டைசன் என்ற தன் சொந்த மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. 2021 மே மாதம் கூகுளோடு சேர்ந்து வேர் ஓ.எஸ். என்ற தடத்துக்கு மாறுவதாக அறிவித்தது; ஆகஸ்டில் வாட்ச் 4 அந்தத் தடத்தில் வந்துவிட்டது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் பழைய வாட்ச் 3-ஐ வாங்கியவர், கேஜ் மாற்றம் அறிவித்த பிறகு மீட்டர் கேஜ் பெட்டி வாங்கியவரைப் போல. இத்தகைய மாற்றம், அதுவும் தேதியோடு அறிவிக்கப்பட்டது என்றால் தாராளமாகப் பொறுக்கலாம்.

தேதியே இல்லாத ஒன்றுக்காகக் காத்திருப்பதுதான் ஆபத்து. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு அபூர்வம். ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் கடிகாரம் அடுத்ததில் வந்துவிடும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓடுகிறது. தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை, அவற்றை நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்வது உயிருக்கே ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படிக் காட்டுவதாகச் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கடிகாரங்களைத் தொடவே வேண்டாம்.

வேறு வசதிகளையும் விளம்பரத்தை வைத்து எடைபோடாமல், இன்று இந்தியாவில் இயங்குகிறதா என்று கேளுங்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதியோடு சீரிஸ் 4 வந்தது 2018-இல்; இந்தியாவில் அந்த வசதி திறக்கப்பட்டது 2019 செப்டம்பரில். முந்தைய ஆண்டே வாங்கியவர்களுக்கும் மென்பொருள் வழியாக அது வந்து சேர்ந்தது, புதுக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை.

அந்த ஈ.சி.ஜி. என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாக நாடி பார்ப்பது பச்சை விளக்கு. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் உறிஞ்சும் அளவு ஏறி இறங்குவதை அடியிலுள்ள உணரி எண்ணுகிறது. ஈ.சி.ஜி.க்கு மறு கை விரலைக் கடிகாரத்தின் திருகில் 30 விநாடி வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கோணத்தில் எடுப்பதை இது ஒரே கோணத்தில் எடுக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பதால் இது சிறிய உதவி அல்ல. மாரடைப்பை மட்டும் இது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்காக அடுத்த கடிகாரத்துக்குக் காத்திருக்கிறேன் என்பவர்களுக்கு, மேலே சொன்ன 16.00 மணி நேரத்தை நினைவூட்டுகிறேன். அழுத்தம் பார்க்கும் சாம்சங் கடிகாரத்தைக்கூட 28 நாளுக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டும் சாதாரணக் கருவியோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. எப்படியும் அந்தக் கருவி வீட்டில் இருக்கத்தான் வேண்டும். அதை மருந்துக்கடையில் இன்றே வாங்கிக்கொண்டு, துடிப்பைப் பார்க்கக் கையில் கிடைக்கும் கடிகாரத்தை வாங்கினால் போதாதா?

இனி மாதக் கணக்கு. ஜனவரியிலோ மார்ச்சிலோ தேவை வந்தால் வாங்கிவிடுங்கள். வருவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஆயுளும் பெரிதாகக் குறையாது. ஜூலை, ஆகஸ்ட் என்றால், டாக்டர் அவசரப்படுத்தாத பட்சத்தில் பொறுக்கலாம். புதியது பிடிக்காவிட்டாலும் தசரா, தீபாவளி விற்பனையில் முந்தையதன் விலை இறங்கும். டாக்டர் துடிப்பைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் எந்த மாதமானாலும் காத்திருக்க வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

கடைக்குப் போகும்போது கைபேசியையும் எடுத்துப் போங்கள். ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே சேரும். சாம்சங்கின் 2021-க்குப் பிந்தைய கடிகாரங்கள் ஐபோனோடு சேராது. அந்த மாடல் எந்த ஆண்டு முதலில் வந்தது என்று கேளுங்கள், பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கச் சொல்லி, கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தளராமலும் இறுகாமலும் கட்ட வேண்டும். வளையல் மாதிரித் தொங்கவிட்டால் பச்சை விளக்கு காற்றைத்தான் அளக்கும்.