டவுன் நோய்க்குறியுள்ள குழந்தையின் கண்பார்வை

டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை புத்தகத்தைத் தள்ளிவிட்டால், அதனை அறிவுக்குறைவென்று முடிவு செய்துவிடுகிறோம். காரணம் கண்ணாகவும் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியரும் கள ஊழியரும் மறத்தலாகாது.

இந்நிலையை 1866-இல் ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விவரித்தார். 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே இதன் காரணமெனப் பிரெஞ்சு அறிஞர் ஜெரோம் லெஜூன் குழுவினர் 1959-இல் வெளியிட்டனர். இவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதேனுமொரு கண் குறை உண்டு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, மாறுகண், கண் நடுக்கம், இமையோர அழற்சி, கண்ணீர்க்குழாய் அடைப்பு ஆகியன அவற்றுட் சில.

அருகிலுள்ள எழுத்தைக் காணக் கண்வில்லை தடித்தல் வேண்டும். இக்குழந்தைகள் பலரிடம் இச்செயல் வலுக்குறைந்துள்ளது. ஆதலால், தொலைவுப் பார்வைக்குரிய கண்ணாடி அணிந்தும் ஏட்டெழுத்து மங்கலாகவே தெரியலாம். மேற்பகுதி தொலைவுக்கும் கீழ்ப்பகுதி அண்மைக்கும் அமைந்த இருபார்வைக் கண்ணாடி இவர்களிற் பலருக்கு உதவுகிறது. மூக்குத்தண்டு தாழ்ந்திருப்பதால் கண்ணாடி நழுவும். அளவுக்கேற்ற சட்டம் தேவை.

கண்புரை பிறவியிலேயே தோன்றலாம். சிசுவின் கண்மணி வெண்மையாகத் தெரியின், ஒரு நாளும் தாமதியாது மருத்துவரிடம் அனுப்புக. இளமைப் பருவத்தில் கருவிழிப்படலம் மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோயும் இவர்களிடையே மிகுதி. கண்ணைக் கசக்கும் வழக்கம் அதனை வளர்க்கும். பெரியவர்களானபின் கண்புரை பிறரினும் முன்னதாகவே வரலாம். எனவே சோதனை ஆயுள் முழுவதும் தேவை.

குழந்தை தன் குறையைச் சொல்லாது. தலையைச் சாய்த்துப் பார்த்தல், படத்தை முகத்தருகே கொணர்தல், படியில் தயங்குதல் ஆகியவற்றை ஆசிரியர் கவனிப்பாராக. எழுத்தறியாத குழந்தையையும் படங்களைப் பொருத்தச் செய்து சோதிக்கலாம். முதற் சோதனை ஆறு மாதத்திற்குள் நிகழ்தல் நன்று.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் டவுன் நோய்க்குறி, பிறவிக் கண்புரை, பார்வைக்குறை மூன்றும் இடம்பெற்றுள்ளன. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் அத்திட்டக் குழுவிடம் ஐயமுள்ள குழந்தையைக் காட்டுக. டில்லியில் 1967-இல் தோன்றிய டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண்ணியல் மையம், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் உயர்நிலைக் கண் சிகிச்சை நிலையமாகும்.

வகுப்பில் முன்வரிசை இடமும், பெரிய கரிய எழுத்தும், நல்ல வெளிச்சமும் தருவதற்குச் செலவு மிகுதியில்லை. கண்ணைச் சோதித்த பின்னரே அக்குழந்தையின் கற்கும் ஆற்றலை மதிப்பிடுவோமாக.