ஈயக் குண்டு கெட்டியாக இருந்தால்தான் நல்லதா?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். இலக்குப் பயிற்சிக்காக என் .38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு வீட்டிலேயே ஈயக் குண்டு வார்க்கத் தொடங்கியிருக்கிறேன். சுட்டு முடித்துப் பார்த்தால் குழலுக்குள் ஈயம் அப்பியிருக்கிறது. கலவை மென்மையாக இருப்பதால்தான் இப்படி என்று நினைத்து, பழைய அச்சகத்து லைனோடைப் உலோகத்தை வாங்கி வார்த்தேன். அப்பல் முன்பைவிட மோசமாகிவிட்டது. எனக்கு எவ்வளவு கெட்டியான கலவை ஏற்றது?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: உங்கள் ரிவால்வருக்கு லைனோடைப் வேண்டவே வேண்டாம். கெட்டித் தன்மையைக் குறிக்கும் பிரினெல் எண் 8 முதல் 12 வரை உள்ள கலவையே போதும். ஆனால், அதற்கு முன் குண்டின் விட்டத்தைச் சரிபாருங்கள். ஈயம் அப்புவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணமாக இருக்கும்.

தோட்டா வெடிக்கும்போது பின்னாலிருந்து வரும் வாயு குண்டின் அடிப்பகுதியைச் சற்று விரித்துக் குழலோடு இறுக்க வேண்டும். குண்டு அளவில் சிறியதாகவும் விரிய மறுக்கும் அளவுக்குக் கெட்டியாகவும் இருந்தால், சுடுவாயு பக்கவாட்டில் புகுந்து ஓடும். போகிற வழியில் ஈயத்தை அரித்து, உருக்கிக் குழலில் பூசிவிடும். லைனோடைப் வந்ததும் உங்கள் சிக்கல் கூடியது இதனால்தான்.

பிரினெல் எண் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு. அதை 1,422ஆல் பெருக்கினால் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று வரும். குண்டு விரியத் தேவையான அழுத்தத்துக்கு, குண்டு வார்ப்பவர்கள் இதையே கைக்கணக்காக வைத்திருக்கிறார்கள். எண் 12 என்றால் ஏறத்தாழ 17,000 பவுண்டு. .38 ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமும் அதுவே. பயிற்சித் தோட்டாக்கள் அதற்கும் கீழே நிற்பவை. 22 எண் கொண்ட லைனோடைப் 31,000 பவுண்டுக்குக் குறைந்த அழுத்தத்தில் விரியாது. .357 மேக்னம் போன்ற உயர் அழுத்தத் தோட்டாக்களுக்குத்தான் கெட்டிக் கலவை பற்றி யோசிக்க வேண்டும்.

கையில் கிடைக்கும் உலோகங்களின் எண்கள் தோராயமாக இவை: சுத்த ஈயம் 5. இருபது பங்கு ஈயத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. கார் சக்கர ரிம்மில் மாட்டும் பழைய ஈய எடைகள் 12. தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆன்டிமனி சேர்ந்த கலவை 15. ஆன்டிமனிதான் கெட்டித் தன்மையைத் தருகிறது. வெள்ளீயத்தின் முதல் வேலை, உருகிய உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பச் செய்வது. நூற்றுக்கு இரண்டு பங்கே தாராளம்; விலை அதிகமான உலோகத்தை வீணாக்காதீர்கள். ரிம் எடையும் சுத்த ஈயமும் சரிபாதி கலந்து, சிறிது வெள்ளீயம் சேர்த்தால் உங்கள் தேவை தீர்ந்தது.

இனி அளவுக்கு வருவோம். மென்ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவிக் குழலுக்குள் மெதுவாகத் தட்டிச் செலுத்தி, மறுபுறம் வெளியே எடுங்கள். அதில் பதிந்த வரிப்பள்ளத்தின் விட்டத்தை மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்க வேண்டும். ரிவால்வர் சிலிண்டரின் முன்வாய்களையும் அளந்துவிடுங்கள். அவை குழலின் பள்ளத்தைவிடக் குறுகியிருந்தால் குண்டு அங்கேயே இளைத்துவிடும்; எந்தக் கலவையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அப்பல் குழலின் தொடக்கத்தில் இருந்தால் அளவையும், வாய்ப்பக்கம் இருந்தால் குண்டில் பூசும் மசகையும் முதலில் சந்தேகியுங்கள்.

ரிம் எடைகளைப் பொறுக்கும்போது கவனம் தேவை. இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்தவை நிறைய வருகின்றன. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419இல். சட்டியை மிதமான சூட்டில் வைத்தால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும். அப்போதே அள்ளி எறியுங்கள். கொஞ்சம் கலந்தாலும் வார்ப்பு கெட்டுப்போகும். கார் பேட்டரி ஈயத்தைத் தொடவே கூடாது. அதிலிருந்து ஆர்சின், ஸ்டிபின் என்னும் கொடிய நச்சு வாயுக்கள் உண்டாகக்கூடும்.

காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து வேலை செய்யுங்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் நீராவி வெடித்து உலோகம் முகத்தில் தெறிக்கும். சமையல் பாத்திரத்தையோ அடுப்பையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் கை கழுவி, உடை மாற்றிய பிறகே குழந்தைகளிடம் செல்லுங்கள். ஈயம் அவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இதைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கித் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே யாரும் முயல வேண்டாம்.